கான் திறப்பு விழாக்களும் 'மக்கள் பங்களிப்பு' என்ற பொய்யும்

நமது ஊர்களில் அதிகமாகத் திறந்துவைக்கப்பட்ட பொருள் எதுவென்று யாரேனும் கணக்கெடுத்தால் அது நூலாக இராது; கானாகத்தான் இருக்கும். நூல் வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெறுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கானுக்கு அந்தக் கஷ்டமில்லை. இருநூறடி கொங்கிறீட் கானுக்கு ஒரு கல்வெட்டு, கல்வெட்டில் ஒன்பது பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'கௌரவ', 'அல்ஹாஜ்' இத்தியாதி. மாரி தொடங்கி மூன்றாம் நாள் கான் நிறைந்து தண்ணீர் வீட்டுக் குந்துக்கு மேலால் ஏறும்போது கல்வெட்டு மட்டும் நனையாத உயரத்தில் நிற்கிறது. கட்டியவருக்கு மட்டம் பார்க்கத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

கல்வெட்டுக்காரர்களை நான் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அரசியல்வாதி கல்வெட்டு நடுவது அவரது தொழில். நான் இங்கு சண்டைக்கிழுப்பது வேறொரு கூட்டத்தாரை. படித்தவர்கள், நல்ல மனம் படைத்தவர்கள், திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள், நம்மில் பலருக்கும் நண்பர்கள். அவர்களது அறிக்கைகளில் கல்வெட்டு இராது. அதற்குப் பதிலாக இரண்டு சொற்கள் இருக்கும்: 'மக்கள் பங்களிப்பு'. சில வேளை 'நிலைபேறான' என்ற அடைமொழியும் முன்னால் வந்து அமரும். கழிவுநீர்த் திட்டமாகட்டும், மழைநீர் வடிகால் திட்டமாகட்டும், இந்தச் சொற்கள் இல்லாத விண்ணப்பத்தை இன்று எந்த நிதி நிறுவனமும் ஏறெடுத்துப் பாராது. ஆகவே சொற்கள் இருக்கின்றன. அவை குறிக்கும் விடயம் இருக்கிறதா என்பதே எனது கேள்வி.

சில வருடங்களுக்கு முன் எங்களூரில் இப்படியானதொரு திட்டத்துக்கு மக்கள் கருத்தறியும் கூட்டம் நடந்தது. திட்டத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கு அவசியமில்லை. இந்தக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாதவை. வாசலில் வரவுப் பதிவேடு. உள்ளே சுவரில் ஆங்கிலத்தில் படங்கள் ஓடின. வந்திருந்த பொறியியலாளர் நல்ல மனிதர், சிங்களத்தில் பேசினார், ஒருவர் பாதியைத் தமிழில் சொன்னார். வரைபடம் மேசையில் சுருட்டியபடியே இருந்தது, கடைசிவரை விரிக்கப்படவில்லை. பின்வரிசையிலிருந்து வயதான உம்மா ஒருவர் எழுந்து கேட்டார்: "இந்தத் தண்ணி கடைசியில எங்க போய் உழும் மகன்?" அது இந்தக் கட்டத்தில் இல்லை, இரண்டாம் கட்டத்தில் ஆராயப்படும் என்று பதில் வந்தது. பிறகு சாப்பாட்டுப் பார்சல். பதிவேட்டில் இருந்த கையெழுத்துகளே பின்னர் அறிக்கையின் பின்னிணைப்பில் 'மக்கள் பங்களிப்பு' என்று போனதாகக் கேள்விப்பட்டேன். இரண்டாம் கட்டம் இன்றுவரை வரவில்லை. கான் மட்டும் வந்தது. அது வீதியின் முடிவில் ஒரு வளவுக்குள் போய் நிற்கிறது.

அந்த உம்மாவின் கேள்விதான் வடிகால் பொறியியலின் முதற்கேள்வி. தண்ணீர் எங்கே போய் விழும் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் வாட்டம், அதன் பிறகுதான் கானின் அகலமும் ஆழமும், அதற்கும் பிறகுதான் சீமெந்து மூடையின் கணக்கு. நமது கான்கள் சீமெந்து மூடையிலிருந்து தொடங்குகின்றன. ஒதுக்கப்பட்ட காசுக்கு எத்தனை அடி கட்டலாம் என்று பார்த்து அத்தனை அடி கட்டுவார்கள். அடுத்த வருட ஒதுக்கீட்டில் வேறொருவர் வேறொரு மட்டத்தில் மீதியைக் கட்டுவார். நடுவில் காபட் வீதி போடுவதற்கு இன்னொரு திணைக்களம் வந்து வீதியை ஓர் அடி உயர்த்தும். அதுவரை வீதிக்கு வடிந்த வளவு இனி வீதியிலிருந்து தண்ணீரை வாங்கும். இதில் எவரும் தவறிழைத்ததாகக் கோப்புகளில் இராது. ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் பூரணமானது.

கிழக்கின் கரையோர முஸ்லிம் ஊர்களின் நிலவமைப்பை ஒரு கணம் மனதில் விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியோ வயலோ. நடுவே ஒடுங்கிய மணற்திட்டு. காத்தான்குடியும் சாய்ந்தமருதும் இப்படியானவை. மணலுக்குக் கீழே சில அடிகளிலேயே நன்னீர். மாரியில் அது இன்னும் மேலே வரும். அந்த நன்னீரில்தான் கிணறும் இருக்கிறது, மலக்குழியும் இருக்கிறது. இரண்டுக்குமிடையே 50 அடியாவது இடைவெளி வேண்டுமென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஐந்து பேர்ச் காணி சரிசதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 37 அடி. மூலைக்கு மூலை அளந்தால் 52 அடி. ஆக, ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் குழியுமாக இருந்தால் சட்டம் நிறைவேறிவிடும். ஆனால் கிணற்று மூலைக்கு அடுத்ததாக அயல்வீட்டாரின் குழி இருக்கிறதே, அதை என்ன செய்வது?

காணி ஏன் ஐந்து பேர்ச்சானது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நமது கதைகள் பாதி அதைப் பற்றியவைதான். உம்மாவின் வளவு மூத்தவளுக்குப் பாதி, இளையவளுக்குப் பாதி. அவர்களின் பெண்பிள்ளைகளுக்கு அதிலும் பாதி. சீதன வீட்டைப் பற்றி நாம் எவ்வளவோ கண்ணீர் விட்டு எழுதியிருக்கிறோம். சீதன வீட்டின் மலக்குழியைப் பற்றி ஒரு கதை எனக்கு நினைவில்லை. நான்கு வீடுகள் எழும்பிய வளவில் நான்கு குழிகள், முன்பிருந்த அதே ஒரு கிணறு. பிறகு குழாய்நீர் வந்தது. நல்லது, வரவேண்டியதுதான். ஆனால் குழாய்நீர் உள்ளே வந்த அளவுக்கு வெளியே போகவும் வேண்டுமே. குளித்த நீர், உடுப்புத் துவைத்த நீர், குசினி நீர் எல்லாவற்றையும் மழைநீருக்கென்று கட்டிய கானுக்குள் விடுகிறோம். குழி நிரம்பியவர்கள் இரவில் அதையும் விடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் கழிவுநீர் வேறு, மழைநீர் வேறு. நமது ஒழுங்கையில் அது ஒன்று.

தண்ணீர் எங்கே போய் விழும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி ஒரு பெரும் நகரப்பகுதியே தன் வடிகாலைத் தானே கட்டிக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அது கறாச்சியின் வடமேற்கே உள்ள ஒரங்கியில் நடந்தது. நம்மவர்கள் கறாச்சியை உருதுக் கவிதைக்காகவும் கிரிக்கெற்றுக்காகவும் அறிந்திருக்கிறார்கள். இதற்காக அறிய வேண்டும்.

ஒரங்கி ஏறத்தாழ 10,000 ஏக்கர் விரிந்த அங்கீகாரமற்ற குடியிருப்பு. 1971க்குப் பின் வங்காளதேசத்திலிருந்து வந்த பீகாரிகள், பட்டாணியர், பஞ்சாபியர், இந்தியாவிலிருந்து பிரிவினையோடு வந்தவர்கள் என்று ஏழைகள் வந்து குவிந்த இடம். வாளி மலசலகூடமும், மண் அடைத்து இரண்டொரு வருடத்தில் செயலிழக்கும் உறிஞ்சுகுழியும், ஒழுங்கை நடுவே தேங்கிய சாக்கடையும். 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற முதியவர் அங்கே போனார். (பெயரிலேயே கான் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் பகிடி விட்டார்.) 1914இல் ஆக்ராவில் பிறந்தவர். பிரித்தானிய இந்திய சிவில் சேவையில் இருந்து, 1943 வங்காளப் பஞ்சத்தைக் கண்டபின் பதவியை உதறி, அலிகாருக்குப் பக்கத்தில் பூட்டுத் திருத்துபவராகவும் கூலியாளாகவும் கொஞ்சக் காலம் இருந்து பார்த்தவர். பின்னர் கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் கிராமிய அபிவிருத்தி அக்கடமியை நடத்தி உலகப் பெயர் பெற்றவர். ஒரங்கிக்குப் போனபோது அவரிடம் திட்டம் எதுவும் இருக்கவில்லை. மாதக்கணக்கில் ஒழுங்கைகளில் நடந்தார், ஆட்களோடு பேசினார். அதன் முடிவில் ஒன்றைக் கண்டுகொண்டார்: சனங்களின் முதற்கவலை சாக்கடை.

அவர் நான்கு தடைகளைப் பற்றிப் பேசினார். மனத்தடை, பணத்தடை, தொழில்நுட்பத் தடை, கூட்டாகச் செயற்படுவதிலுள்ள தடை. முதலாவதுதான் பெரிது. கான் கட்டுவது அரசாங்கத்தின் கடமை, அதை இலவசமாகக் கட்டித் தரவேண்டும் என்று சனங்கள் காத்திருந்தார்கள். அரசாங்கம் வராது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பிக்கொண்டு நாற்பது வருடம் இருக்க முடியும் என்பதை நாம் நம்மூரிலேயே கண்டிருக்கிறோம்.

கான் கண்டுபிடித்த விடையின் மையம் ஒழுங்கை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஓர் ஒழுங்கை. பெரிய சங்கமில்லை, தலைவர் செயலாளர் பொருளாளர் இல்லை. ஒழுங்கையார் தமக்குள் ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். அவர் காசு சேர்ப்பார். கணக்கு ஒழுங்கையாருக்குத் தெரியும். ஒரங்கி முன்னோடித் திட்டத்தின் ஆட்கள் வந்து மட்டம் பார்த்து, வரைபடம் கீறி, செலவு மதிப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆட்புழை கட்டுவதற்கான இரும்பு அச்சுகளை இரவல் கொடுப்பார்கள். காசில் கைவைக்க மாட்டார்கள். இதைக் கவனியுங்கள்: நமது நண்பர்களின் திட்டங்களில் நிறுவனம் காசை வைத்துக்கொண்டு சனங்களிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே சனங்கள் காசை வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் கருத்துக் கேட்டார்கள்.

பொறியியலில் அவர்கள் செய்ததும் சுவையானது. லொறி போகாத ஒடுங்கிய ஒழுங்கைக்கு நெடுஞ்சாலைக்குரிய ஆழத்தில் குழாய் எதற்கு? ஆழம் குறைந்தது. வீட்டிலிருந்து வரும் இணைப்பு ஒவ்வொன்றிலும் சிறு தொட்டி ஒன்றை வைத்துத் திண்மங்களை அங்கேயே மறித்தார்கள், குழாய் அடைபடவில்லை. ஒப்பந்தகாரரின் இலாபமும் அதிகாரியின் பங்கும் விழுந்தன. செலவு மாநகராட்சி மதிப்பீட்டின் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. முதல் ஒழுங்கைகளில் குறைபாடுகள் இருந்தன. கொங்கிறீட் இறுகும்வரை தண்ணீர் ஊற்றி நனைத்து வைக்கவேண்டும் என்பது சனங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, பழக்கினார்கள். இப்படி ஒழுங்கை ஒழுங்கையாக ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் மலசலகூடமும் கழிவுநீர்க் குழாயும் பெற்றன. 1986 டிசம்பரில் கஸ்பா கொலனியிலும் அலிகார் கொலனியிலும் இனப் படுகொலை நடந்ததும் இதே ஒரங்கியில்தான். அதற்குப் பின்னரும் ஒழுங்கை வேலை நின்றுபோகவில்லை. இனமோதலைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் ஒத்திப்போட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தார் உற்சாகமடைவார்கள் என்பது எனக்குத் தெரியும். 'பார்த்தீர்களா, சனங்களே செய்துகொள்ளலாம், அரசாங்கத்துக்கு ஏன் இந்தச் சுமை?' 2022இல் நாடு வங்குரோத்தானதிலிருந்து இந்தக் குரல் பலத்திருக்கிறது. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே வரை தேர்தலே நடக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் கான் அடைத்ததென்று முறையிடுவதற்கு ஓர் உறுப்பினர்கூட ஊரில் இல்லை. அப்படியான காலத்தில் 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்பது பெரிய தத்துவம் போலத் தோன்றும். அவர்கள் ஒரங்கியைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

ஒரங்கிக்காரர்கள் வேலையை உள், வெளி என்று இரண்டாக வகுத்தார்கள். வீட்டு மலசலகூடம், ஒழுங்கைக் குழாய், பல ஒழுங்கைகளின் நீரைச் சேர்க்கும் துணைக்குழாய் ஆகியன உள். அது சனங்களின் பொறுப்பு, சனங்களின் காசு. பிரதான குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வெளி. அது அரசின் பொறுப்பு, வரிப்பணம். இந்தக் கோட்டை அவர்கள் அரசுக்குச் சாதகமாக அழிக்கவுமில்லை, தமக்குச் சாதகமாக நகர்த்தவுமில்லை. தமது பங்கை முடித்துவிட்டு, வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அரசிடம் போனார்கள். 1990களின் இறுதியில் கொரங்கிக் கழிவுநீர்த் திட்டம் 100 மில்லியன் டொலர் மதிப்பீட்டில் வந்தது. அதில் 70 மில்லியன் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். சனங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் குழாய்கள் எவை, கழிவுநீர் உண்மையில் எந்த ஓடைகள் வழியாகப் போகிறது என்ற விவரம் அந்தத் திட்டத்தில் இல்லை என்று ஒரங்கிக்காரர்கள் எடுத்துக்காட்டி, மிகக் குறைந்த செலவில் மாற்றுத் திட்டமொன்றை முன்வைத்தார்கள். 1999இல் அந்தக் கடன் ரத்தானது. சேரிவாசிகளின் வரைபடம் சர்வதேச வங்கியின் கடனைத் திருப்பியனுப்பிய கதை இது. 'பங்களிப்பு' என்றால் எனக்கு இதுதான்.

வரைபடம் எவ்வளவு ஆபத்தான பொருள் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. டாக்காவில் பிறந்த பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர் 1980களின் தொடக்கத்தில் ஒரங்கித் திட்டத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வுப் பயிற்சி நிறுவகத்தைப் பொறுப்பேற்றார். ஒரங்கி இளைஞர்களைப் பழக்கி, கறாச்சியின் ஓடைகள், குழாய்கள், அங்கீகாரமற்ற குடியிருப்புகள், களவாக நீர் எடுக்கும் இடங்கள் என்று எல்லாவற்றையும் வரைபடமாக்கினார். காணி பிடிப்பவர்களுக்கும் நீர் விற்பவர்களுக்கும் அது பிடித்திருக்க நியாயமில்லை. 2013 மார்ச் 13ஆந் திகதி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021இல் விசாரணை நீதிமன்றம் சிலரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2022இல் சிந்து மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது.

அரசு தன் பங்கைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் கறாச்சி காட்டியது. ஒரங்கியின் கழிவுநீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகள் வழியாக லியாரி ஆற்றுக்கும் கடலுக்கும் போயிற்று. 2020 ஓகஸ்டில் ஒரே நாளில் 200 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி நகரம் மூழ்கியது. குற்றம் யார் தலையில் விழுந்தது? ஓடைக்கரை ஏழைகளின் தலையில். 2021இல் குஜ்ஜர் ஓடை, ஒரங்கி ஓடைக் கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. ஓடைக்குள் குப்பை கொட்டிய நகரமும், அதைத் துப்புரவாக்காமல் விட்ட நிர்வாகமும் அப்படியே இருக்க, ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டம் சனங்களுக்குக் கிடைத்தது.

இந்தக் கதை நமக்குப் புதிதா? 1992 ஜூனில் கொழும்பில் ஒரு நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2010 நவம்பரில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. சட்டமியற்றும் சபைக்குள் தண்ணீர் போனபிறகுதான் வெள்ளம் தேசியப் பிரச்சினையானது. வனாத்தமுல்லையிலும் கிராண்ட்பாஸிலும் அது வருடாந்தச் சமாச்சாரம். 2012இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடன் வழங்க, கால்வாய்கள் ஆழமாக்கப்பட்டன, கரைகள் கட்டப்பட்டன. வேலை நடந்தது, மறுக்கவில்லை. கால்வாய்க் கரையில் இருந்தவர்கள் மாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் நம்மவர்களும் கணிசமானோர். தண்ணீர் எந்தத் திசையால் வருகிறது, எந்த மதகு எந்த மாதத்தில் அடைக்கிறது என்று முப்பது நாற்பது வருடம் பார்த்திருந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு மின்தூக்கி ஏறிப் போய்விட்டது.

இதில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, இப்படியான வேலையை நாமே ஒரு காலத்தில் செய்து காட்டியிருக்கிறோம் என்பதுதான். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்ட காலத்தில் கொழும்பின் தோட்டங்களிலும் சேரிகளிலும் சமூக அபிவிருத்தி சபைகள் இயங்கின. தேசிய வீடமைப்பு அதிகார சபை 'சமூக ஒப்பந்தம்' என்றொரு முறையைக் கொண்டுவந்தது. சமூக ஒப்பந்தம் என்றதும் நமது ஆட்களுக்கு ரூசோதான் நினைவுக்கு வருவார். இது அதைவிட உபயோகமானது. கான், கிணறு, பொது மலசலகூடம், நடைபாதை போன்ற சிறு வேலைகளைக் கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தகாரருக்குக் கொடுப்பதற்குப் பதிலாக அங்கு வாழும் சனங்களின் சபைக்கே கொடுத்தார்கள். அரச மதிப்பீட்டின்படி காசு. கூலி தோட்டத்து ஆட்களுக்கே. மிஞ்சிய இலாபம் சபையின் நிதிக்கு. எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று சொல்ல வரவில்லை. சபைகளைக் கட்சிகள் விழுங்கின, சில சபைகளில் தலைவரே ஒப்பந்தகாரராகிவிட்டார். 1990களில் ஆதரவு வற்றியதும் பெரும்பாலானவை பெயரளவில் நின்றன. ஆனால் முறை வெளிநாடு போயிற்று. ஐ.நா. ஹெபிடாட் அதை எடுத்துக்கொண்டு ஆப்கானிஸ்தான் வரை போனது. சுனாமிக்குப் பின் இங்கும் திருப்பிக் கொண்டுவந்தது. நாம் கண்டுபிடித்ததை நமக்கே செயலமர்வு வைத்துக் கற்பித்தார்கள். நாம் குறிப்பெடுத்தோம்.

இனி நமது ஊருக்கு வருவோம். 'நம்மிடம் பள்ளிவாசல் நிர்வாகம் இருக்கிறதே, அதனிடம் ஒப்படைக்கலாமே' என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு காசு சேர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது உண்மை. மினாரா எழுப்புவதற்கு ஓர் ஊர் எவ்வளவு விரைவாகக் காசு சேர்க்கும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பள்ளிவாசல் காசு சேர்க்கட்டும், ஒலிபெருக்கியில் அறிவிக்கட்டும், அடம்பிடிக்கும் வீட்டுக்காரரோடு பேசட்டும். ஆனால் ஒழுங்கையின் கானை நிர்வாக சபையிடம் எழுதிக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். காரணம் மார்க்கமல்ல, காணி உறுதி.

கிழக்கில் வீடு யார் பெயரில் இருக்கிறது? பெண்ணின் பெயரில். சீதனமாக எழுதிக் கொடுத்த உறுதியில் மகளின் பெயர்தான் இருக்கும். அப்படியானால் ஓர் ஒழுங்கையின் வீட்டுச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தால் அது பெண்களின் கூட்டமாகவே அமைய வேண்டும். குழியைத் தோண்டுவதா மூடுவதா, குழாய் எந்த மூலையால் போகும், ஆட்புழை எவரது வாசலில் வரும் என்பதற்கெல்லாம் ஒப்பமிட வேண்டியவர்கள் அவர்கள். ஒரங்கியிலும் ஒழுங்கை வேலைக்கு முதலில் உந்துதல் கொடுத்தவர்கள் பெண்கள்தான். சாக்கடையைத் தாண்டித் தண்ணீர் சுமந்தவர்களும் பிள்ளையின் வயிற்றோட்டத்தோடு இரவு முழுக்க விழித்திருந்தவர்களும் அவர்கள். இங்கே கருத்தறியும் கூட்டத்தின் முன்வரிசைக் கதிரைகளில் அமர்ந்திருப்பது யார்? சட்டப்படி அந்த வீட்டில் ஒரு செங்கல்லுக்கும் உரித்தில்லாத மாப்பிள்ளைமார். சீதனத்தைப் பற்றி நமது பெண்ணியர்களும் மார்க்க அறிஞர்களும் முப்பது வருடமாக விவாதிக்கிறார்கள். அந்த உறுதிக்கட்டில் அடங்கியிருக்கும் இந்தச் சிறு அதிகாரத்தை எவரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிட வேண்டும். ஒப்பமிட உரித்தில்லாவிட்டாலும் நாற்றம் அவர்களுக்கும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நமது ஊரின் நீர் நமது ஊரோடு முடிவதில்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்க் கிராமம், அதன் தாழ்ந்த வயல், அதற்கப்பால் வாவி. நாம் வயலோரத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால் அவர்களது வளவில் தண்ணீர் நிற்கும். அவர்கள் மதகை அடைத்தால் நமது ஒழுங்கையில் நிற்கும். ஒரு சமயத்து நிர்வாக சபையால் இதைப் பேச முடியாது. பேசப்போனால் அது இரண்டு சமூகங்களின் பேச்சாகிவிடும், பிறகு பழைய கணக்குகள் எல்லாம் மேசைக்கு வரும். எல்லையோர ஒழுங்கையின் பத்து வீட்டாரும் மறுபக்கத்துப் பத்து வீட்டாரும் மட்டத்தைப் பற்றி மட்டும் பேசலாம். இது எனது ஆசைக் கற்பனை என்று சிரிப்பவர்கள், பொதுக் கிணற்று வரிசையிலும் சந்தையிலும் அந்தப் பேச்சு ஏற்கெனவே நடப்பதைப் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

இலக்கிய இதழில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரும். வரட்டும். இரண்டாயிரங்களில் நமது இதழ்கள் பூக்கோவைப் பக்கம் பக்கமாக எழுதின; அதிகாரம் அரண்மனையில் மட்டும் குந்தியிருக்கவில்லை, நுண்ணிய இடங்களில் ஊடுருவி இயங்குகிறது என்று விளக்கின. அந்த விளக்கத்தை மெச்சி வாசித்தவர்களில் நானும் ஒருவன். அந்த நுண்ணிய இடம் எது? ஒரு ஒழுங்கையில் குழாயின் வாட்டம் எந்தப் பக்கம் வைக்கப்படுகிறது என்பதைவிட நுண்ணிய அதிகாரம் எனக்குத் தெரியவில்லை. வாட்டம் அரை அங்குலம் மாறினால் செல்வாக்குள்ளவரின் வாசல் காய்ந்திருக்கும், விதவையின் குசினிக்குள் தண்ணீர் நிற்கும். இதை எழுதுவதற்குத் தனிச் சொற்களஞ்சியம் தேவையில்லை.

ஆகவே நண்பர்களிடம் நான் கேட்பது கொஞ்சம். அடுத்த கருத்தறியும் கூட்டத்தில் பதிவேட்டில் ஒப்பமிடுவதற்கு முன் சுருட்டிய வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். மட்டங்கள் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பீட்டின் பிரதி ஒன்றை ஒழுங்கைக்கு வாங்குங்கள். கடைசி முனை எங்கே என்று காட்டாத திட்டத்துக்கு எவரும் கையொப்பம் வைக்க வேண்டாம். சாப்பாட்டுப் பார்சலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அது நமது வரிப்பணம். பிரதான குழாயையும் சுத்திகரிப்பையும் நமது தலையில் கட்ட வந்தால் மறுத்துவிடுங்கள். ஒழுங்கைக்குள் இருப்பதை அவர்கள் கட்டித் தரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள். வீதி முகப்பிலிருந்து வயற்கரை வரை அளப்பதற்கு நூறடி நாடா ஒன்று என்னிடம் இருக்கிறது. மட்டம் பார்ப்பதற்கு மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயைத் தருவதாகப் பக்கத்து வீட்டு மேசன் சொல்லியிருக்கிறார். கணக்குக் கொப்பியை வைத்திருக்க மூன்றாம் வீட்டு ஆசிரியை சம்மதித்துவிட்டார். மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.